கடைசி பெஞ்சில் ஒரு கையெழுத்து

பள்ளி வாரியம் தன் அறுபதாம் ஆண்டு விழாவுக்காகத் தன் வரலாற்றைத் தானே எழுதிக்கொண்டது. அதனால் அந்த வரலாற்றில் குறை என்று எதுவும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வழவழப்பான தாள். பதவியில் இருந்த ஒவ்வொரு இயக்குநருக்கும் ஒரு முழுப்பக்கப் படம். இப்போது இருப்பவருக்கு நான்கு.

விழா வாசலுக்கு இரும்பு வளைவு செய்துதரும் வேலை வெல்டிங் பட்டறைக்காரருக்கு வந்தது. வளைவின் உச்சியில் வாரியத்தின் சின்னம் இருக்க வேண்டும் என்று சொல்லி, சின்னம் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அச்சகத்தில் கழித்துப் போட்ட தாள் அது. சின்னத்தை அளவெடுத்த பிறகு பட்டறைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் வரலாற்றின் முதல் அத்தியாயம் இருந்தது.

‘வாரியத்தின் முதல் பள்ளி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தரிசு நிலத்தில், காலத்தின் தேவையால் தானாக உருவானது.’

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். ‘தானாக’ என்றுதான் இருந்தது.

“தானா முளைக்கிறதுக்கு அது என்ன, காளானா?” என்று கத்தினார்.

டீ கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றாள். “யாரைத் திட்டுறீங்க? இங்க நானும் அந்தக் கிரைண்டரும்தான் இருக்கோம்.”

“எங்க அப்பா பிறக்கவே இல்லைன்னு எழுதியிருக்காங்கடி.”

அவருக்கு அறுபத்து மூன்று வயது. அந்த நிலம் எப்படி வந்தது என்பது அவருக்குத் தெரியும். கல் உடைத்துப் பிழைத்த அவர் அப்பா பதினோரு வருடக் கூலியைச் சேர்த்து வாங்கிய நிலம் அது. வீடு கட்ட வாங்கியதில் பள்ளிக்கூடம் கட்டினார். சுவரின் ஒவ்வொரு கல்லும் அவர் உடைத்தது. மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைத் தேடிப்பிடித்துத் தொங்கவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் முதல் மாதம் முழுக்கப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தன் கையெழுத்தை மட்டும் கற்றுக்கொண்டார். “கைநாட்டு வைக்கிற கை இந்த வீட்ல என்னோட முடிஞ்சது” என்று சொன்னார். சொன்னபடியே சாகும்வரை எந்தக் காகிதத்திலும் கட்டைவிரல் வைக்கவில்லை.

பள்ளி திறந்த நாளில் ஒவ்வொரு வருடமும் அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடம் முழுக்கக் கேட்பார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். பெரியவருக்குச் செய்கிற மரியாதை என்றே மகன் நினைத்திருந்தார்.

அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகளை அந்தப் பள்ளியிலிருந்து வெளியேற்றிப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் உயிரோடு இருந்தவரை யாருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. இப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒருங்கிணைந்த பள்ளிக்குப் போகிறார்கள். பட்டறைக்காரரின் பேத்தி விடியும் முன்பே பஸ் ஏறுகிறாள், ஏழு வயது. பாதி நேரம் பள்ளியில் தூங்குகிறாள், மீதி நேரம் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறாள். பழைய பள்ளி இருந்த இடத்தில் வாரியத்தின் தலைமை அலுவலகம் மூன்று மாடியாக எழுந்துவிட்டது.

“போய்க் கேளுங்க. உங்க அப்பா பேரு ஒரு வரியாவது அதுல வரணும். வரலைன்னா வளைவு கிடையாதுன்னு சொல்லுங்க” என்றாள் மனைவி.

அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அப்பாவின் தண்டவாளத் துண்டு. ‘பழங்கால ஒலிக்கருவி. தொடாதீர்கள்’ என்று அட்டை வைத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாடியேறினார்.

இரண்டாம் மாடியில் வரலாற்று அலுவலர் இருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

“நீங்க சொல்றதெல்லாம் எப்ப நடந்துச்சு?”

“வாரியம் வர்றதுக்கு ஏழு மாசம் முன்னாடி.”

“அப்ப அது வரலாறு இல்லீங்க. வாரியம் தொடங்கின நாள்லேர்ந்துதான் வரலாறு. அதுக்கு முன்னாடி நடந்தது முன்வரலாறு.”

“சரி, அதை யார்கிட்ட கேக்கணும்?”

“முன்வரலாற்றுப் பிரிவு மூணாவது மாடியில இருந்துச்சு. போன வருஷம் எங்களோட இணைச்சுட்டாங்க.”

“அப்ப உங்ககிட்டதானே கேக்கணும்?”

“இணைச்ச கையோட கலைச்சுட்டாங்களே” என்றார் அலுவலர், துக்க வீட்டில் பேசும் குரலில்.

சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. சிவப்புக் கோடு ஒன்று மூலையிலிருந்து கூரையை நோக்கி ஏறியது. பட்டறைக்காரர் அதைப் பார்ப்பதைக் கண்டதும் அலுவலரின் முகம் மலர்ந்தது.

“எங்க வளர்ச்சி! ஆரம்பத்துல ஒரு பள்ளி, ஒரு டீச்சர், நாற்பத்தோரு பிள்ளைங்க. அலுவலர்னு ஒருத்தர்கூட இல்லை. எவ்வளவு பின்தங்கி இருந்திருக்கோம் பாருங்க! அப்புறம் ஒன்பது பள்ளி ஆச்சு. ஒன்பதும் தனித்தனியா இருந்தா யார் ஒருங்கிணைக்கிறது? அதுக்கு ஆள் போட்டோம். ஆள் போட்டதும் ஒருங்கிணைச்சாங்க. இப்ப ரெண்டே பள்ளி. எண்பத்தாறு அலுவலர்.”

“இந்தக் கோடு பிள்ளைங்க எண்ணிக்கையா?”

“சேச்சே, இது வாரியம். பிள்ளைங்களுக்குத் தனி வரைபடம் அந்தப் பக்கம் இருக்கு.”

அந்தப் பக்கம் இருந்த கோடும் மேலேதான் ஏறியது. கீழே இருந்த எழுத்துகள் தலைகீழாக இருந்தன.

“தலைகீழா மாட்டியிருக்கீங்களே?”

“ரெண்டும் ஒரே பக்கம் ஏறினாத்தான் பார்க்க லட்சணமா இருக்கும்னு இயக்குநர் சொன்னார்.” அலுவலர் எழுந்து நின்றார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். “எழுத்துல சான்று இருந்தா கொண்டுவாங்க. ஒரு வரி சேர்க்கலாமான்னு குழு பரிசீலிக்கும்.”

வீட்டுக்கு வந்ததும் மனைவி பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினாள். மாமனார் இறந்த நாளிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை. பழைய சட்டைகளுக்கு அடியில் மடித்த பத்திரம் இருந்தது. அவர் படிக்கப் படிக்க மனைவி கேட்டாள். ஓரிடத்தில், “நில்லுங்க, அதை இன்னொரு தடவை படிங்க” என்றாள்.

பத்திரத்தில் இப்படி இருந்தது: ‘இந்த நிலத்தில் வகுப்பு நடக்கும்வரை நிலம் பள்ளிக்கு உரியது. ஆண்டுக்கு ஒரு நாள் நானோ, எனக்குப் பின் என் மூத்த வாரிசோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பாடம் நடக்கவில்லை என்று அவர் எழுதினால் அன்றே நிலமும் அதன்மேல் உள்ளதும் எங்கள் குடும்பத்தைச் சேரும்.’ அடியில் அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் உளி பட்டதுபோல் அழுத்தமாக இருந்தது.

“அப்ப அது மரியாதைக்குப் போடுற கையெழுத்து இல்லை. காவலுக்குப் போடுறது” என்றாள் மனைவி. “பன்னிரண்டு வருஷமாக் காவல்காரர் தூங்கிட்டீங்க.”

அவர் பத்திரத்தை ஒருதடவை தடவி மடித்துவைத்தார்.

பத்திரத்தின் நகலை மறுநாள் வரலாற்று அலுவலரிடம் கொடுத்தார். ஒரு வரிக்காகத்தான் கொடுத்தார். மூன்றாம் நாள் இயக்குநரின் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. அறுபது வருட வரலாற்றில் ஓர் இயக்குநர் வெயிலில் இறங்கி நடந்தது அன்றுதான் முதல் தடவை. அதை ஏனோ வரலாற்றில் சேர்க்கவில்லை.

“ஐயா, உங்க அப்பா ஒரு மகான்” என்றார் இயக்குநர்.

“போன வாரம் தரிசு நிலமா இருந்தாரு.”

“அது அச்சுப்பிழை.” இயக்குநர் இரும்புத் துகள் படாத ஸ்டூலாகத் தேடி உட்கார்ந்தார். கையில் கொண்டுவந்த தாளை விரித்தார். முழுப்பக்கம். நடுவில் அப்பாவின் படம். அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. கீழே தங்க எழுத்து: ‘நிலம் ஈந்த வள்ளல். அவர் கண்ட கனவு இன்று மூன்று மாடிகளாக உயர்ந்து நிற்கிறது.’

பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்தார். போதாது என்று சட்டையிலும் துடைத்தார். பிறகுதான் அந்தத் தாளைத் தொட்டார். அப்பாவை அவ்வளவு பெரிதாக அவர் பார்த்ததே இல்லை.

“எங்க வக்கீல் பத்திரத்தைப் பார்த்தார்” என்றார் இயக்குநர் மெதுவாக. “நீங்க விழா அன்னிக்கு அந்தப் பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், பழைய குறையெல்லாம் தீர்ந்துடுமாம். உடனே இந்தப் பக்கம் அச்சுக்குப் போயிடும்.”

“போடுறேன்.”

இயக்குநர் பேனாவை எடுத்தார்.

“பேனாவை உள்ள வையுங்க. எங்க அப்பா சும்மா போடலை. உட்கார்ந்து பாடம் கேட்டுட்டுத்தான் போட்டார். வகுப்பு நடக்கட்டும், போடுறேன்.”

“இங்கதான் பிள்ளைங்க இல்லையே ஐயா.”

“கூட்டிட்டு வாங்க. காலைல பஸ் நம்ம தெரு வழியாத்தான் போகுது.”

“அதெப்படி? பிள்ளைங்களை இங்க கொண்டுவந்தா அங்க வருகைப்பதிவு குறையும். குறைஞ்சா ஒருங்கிணைப்பு தோல்வின்னு ஆகிடும். ஒருங்கிணைப்புல மட்டும் இருபத்தொன்பது அலுவலர் இருக்காங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கே!” இயக்குநரின் கண் நிஜமாகவே கலங்கியது.

வக்கீல்தான் வழி கண்டுபிடித்தார். பத்திரத்தில் வகுப்பு என்று இருந்தது, பாடம் என்று இருந்தது. பிள்ளைகள் என்ற சொல் எங்கேயும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதைப் பத்திரத்தில் எழுத வேண்டிவரும் என்று, கல் உடைத்த மனிதருக்குத் தோன்றவில்லை.

அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒன்றாம் வகுப்பு தொடங்கியது. எண்பத்தாறு அலுவலர்களும் அதில் சேர்ந்தார்கள்.

பாடம் நடத்த ஆள் வேண்டுமே? அலுவலகம் முழுக்கத் தேடியதில் பாடம் நடத்தத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் அகப்பட்டார். பழைய பள்ளியின் கடைசி டீச்சர். பள்ளியை மூடியபோது அவருக்கு ‘மாணவர் நல உதவியாளர்’ என்று பதவி கொடுத்து மூன்றாம் மாடியில் உட்கார வைத்திருந்தார்கள். பதினோரு வருடமாக ஒரு மாணவரையும் பார்க்காமல் சுற்றறிக்கைத் தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தார். சாக்பீஸைக் கையில் கொடுத்ததும் அவர் அதை மோந்து பார்த்ததாகச் சொல்வார்கள்.

முதல் வாரம் பாடம் நடக்கவில்லை. முதல் பெஞ்சில் யார் உட்காருவது என்பதைப் பணிமூப்பின்படி முடிவுசெய்ய ஒரு துணைக்குழு அமைத்தார்கள். இயக்குநருக்குக் கைப்பிடி வைத்த பெஞ்ச் செய்ய வேண்டியிருந்தது. அந்த வேலையும் பட்டறைக்காரருக்கே வந்தது, அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் வாரம் ஒரு சுற்றறிக்கை: வெளியூர்ப் பயணத்தில் இருக்கும் அலுவலருக்காக அவருடைய பொறுப்பு அலுவலர் ‘உள்ளேன்’ சொல்லலாம். அன்று முதல் வருகை நூற்றுக்கு நூறு. சில நாள் நூற்று நான்கு. மூன்றாம் வாரம், இருபது ஆண்டுகளில் முதல்முறையாக வாரியத்தில் மாணவர் எண்ணிக்கை உயர்ந்திருக்கிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. பாராட்டும் வந்தது. மாணவ அலுவலர்களை மேற்பார்வை பார்க்க ஐந்து அலுவலர் பணியிடமும் வந்தது.

அவர்களுக்குப் பாடப்புத்தகம் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. பட்டறைக்காரரின் பேத்திக்கு அந்த வருடம் கணக்குப் புத்தகம் அதுவரை வரவில்லை.

விழா நாள் வந்தது. வளைவில்லாத வாசலில் இயக்குநரே நின்று பட்டறைக்காரரை வரவேற்றார். கூடவே மனைவியும் போயிருந்தாள். “நான் வெளியில நிக்கிறேன். நீங்க உங்க அப்பா உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்காருங்க” என்று மட்டும் சொன்னாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் எண்பத்தாறு முதுகுகள். அப்பாவின் பக்கம் முன்கூட்டியே அச்சாகி, சட்டம் போட்டு, கரும்பலகைக்கு மேலே மாட்டியிருந்தது. இயக்குநர் எழுந்து சிற்றுரை ஆற்றினார்.

“கல்வியின் மையம் யார்? மாணவர் என்பார்கள் சிலர். மாணவர் வருவார், போவார். பத்து ஆண்டில் அவர் இருக்கமாட்டார். நிலைத்து நிற்பது யார்? நாம்! மாணவர் இல்லாமலும் கல்வி நடக்கும் என்று இன்று நிரூபித்திருக்கிறோம். இந்தச் சாதனையை வேறு எந்த வாரியமும்…” கைதட்டலில் மீதி கேட்கவில்லை. மாணவர்களே தட்டினார்கள்.

டீச்சர் பலகை பக்கம் திரும்பினார். “கணக்கு” என்றார். “ஒரு பொண்ணு காலைல அஞ்சரை மணிக்கு பஸ் ஏறுது. எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேருது. பஸ்ல எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

முதல் பெஞ்சில் ஒருவர் கை தூக்கினார். “அது போக்குவரத்துப் பிரிவுங்க.”

போக்குவரத்து அலுவலர் இரண்டாம் பெஞ்சிலிருந்து எழுந்தார். “பஸ் மட்டும்தான் எங்களோடது. நேரம் கால அட்டவணைப் பிரிவு.”

“பொண்ணுன்னா மகளிர் நலன்” என்றது இன்னொரு குரல்.

“எட்டுலேர்ந்து அஞ்சரையைக் கழிக்கணும், அவ்வளவுதான்” என்றார் டீச்சர்.

“கழிக்கிறதுக்கு எங்களுக்கு அதிகாரம் இல்லைங்க” என்றார் கணக்கு அலுவலர் பணிவாக. “கூட்டல் மட்டும் பண்ணலாம்.”

“கேள்வியையே ஒரு குழுவுக்கு அனுப்பிடலாமே” என்றார் இயக்குநர். எல்லோருக்கும் மூச்சு வந்தது. குழுவுக்கு அனுப்பினார்கள். டீச்சர் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு, கடைசி பெஞ்சைப் பார்த்தார்.

இயக்குநர் பதிவேட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். அதே பழைய பதிவேடு. நாற்பத்தெட்டு வருடக் கையெழுத்துகள் வரிசையாக, ஒரே அழுத்தத்தில்.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் பட்டறைக்காரர். “இந்த வகுப்புல என் பேத்தியைச் சேர்த்துக்குவீங்களா? ரெண்டரை மணி நேரம் மிச்சமாகும்.”

இயக்குநர் நெஞ்சில் கைவைத்தார். “ஆசைதான் ஐயா. ஆனா வகுப்பு நிரம்பிடுச்சே.”

பட்டறைக்காரர் பேனாவை வாங்கினார். நிதானமாக எழுதினார். இயக்குநர் கைதட்டத் தொடங்கி, குனிந்து படித்ததும் கையை அந்தரத்தில் நிறுத்தினார்.

‘இன்று பாடம் நடக்கவில்லை.’ கீழே கையெழுத்து.

“ஐயா… உங்க அப்பா படம்… தங்க எழுத்து…”

“அதைக் கழற்றுங்க” என்றார். “தரிசு நிலம்னே போடுங்க, பரவாயில்லை. எங்க அப்பா பேரு விட்டுப்போனா அது உங்க அசிங்கம். இந்தப் பொய்க்கு மேல அவர் படம் தொங்கினா அது எங்க குடும்பத்துக்கு அசிங்கம். நாற்பத்தெட்டு வருஷம் உண்மைக்குக் கையெழுத்துப் போட்ட மனுஷன் அவர்.”

யாரும் கழற்றவில்லை. படத்தைக் கழற்றுவது எந்தப் பிரிவின் வேலை என்று அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரே பெஞ்ச்மேல் ஏறிக் கழற்றினார். வெளியே போகும் வழியில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தண்டவாளத் துண்டையும் எடுத்தார். “தொடாதீங்க!” என்று காவலாளி சொன்னான். “எங்க மாமனாருதுப்பா” என்று மனைவி சொன்னதும் விட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பட்டறைக்காரரும் மனைவியும் தெருமுனையில் நின்றார்கள். பஸ் வந்தது. ஏறுவதற்கு யாரும் இல்லை. ஊரில் ஒவ்வொரு வீடாக முந்தின நாள் சாயங்காலமே சொல்லியாகிவிட்டது. ஒன்பது மணிக்குத் தண்டவாளத் துண்டு அறுபது வருடத்துக்கு முன் ஒலித்த அதே இடத்தில் ஒலித்தது. பதினாறு பிள்ளைகள் வந்தார்கள். டீச்சர் மூன்றாம் மாடியிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவந்தார். கைப்பிடி வைத்த பெஞ்சை வேறு யாரோ செய்து கொடுத்திருந்தார்கள். பேத்தி அதில் உட்கார்ந்தாள். அன்று அவள் தூங்கவில்லை.

நிலம் யாருடையது என்று வாரியம் வழக்குப் போட்டது. வழக்கு முடியும்வரை யாரையும் தொடக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டதால் அலுவலர்கள் மாடிப்படியில் சத்தமில்லாமல் ஏறி இறங்கினார்கள். நான்காம் நாள் அலுவலக உதவியாளர் மாடியிலிருந்து ஒரு கட்டுத் தாளோடு வந்து வகுப்பறை வாசலில் நின்றார்.

“உங்களுக்கு நோட்டீஸுங்க. பதினாலு பிரதி. எல்லாத்துலயும் நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கணும்.”

பட்டறைக்காரர் படித்தார். ‘உரிய அனுமதியோ போதிய அலுவலர்களோ இல்லாமல் இவ்வளாகத்தில் பள்ளி ஒன்று நடத்தப்படுவது வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. இச்செயல் வாரியத்தின் அறுபதாண்டுக் கல்விப் பணிக்கு இடையூறாக இருப்பதால்…’

தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. நல்ல தாள், வழவழவென்று. அறுபது வருடத்தில் வாரியம் அச்சிட்ட தாள்களில் பிள்ளைகளுக்கு உபயோகப்படப்போகும் முதல் தாள். கட்டை டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போய்க் கடைசி பெஞ்சில் நின்றார்.

“ரெண்டு பேருக்குப் பத்தலையே” என்றார்.

பட்டறைக்காரர் உதவியாளர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, இன்னும் ரெண்டு பிரதி அனுப்பச் சொல்லுப்பா.”